இடது பக்கத்துக் குரல்

முதல் இரண்டு வகுப்புகளும் அதை நிறுவுவதிலேயே போய்விட்டன. ஃப்ரேம்வொர்க் என்றார்கள். இயந்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலையில் பாதியை யாரோ முன்பே எழுதி வைத்திருக்கிறார்களாம், நாம் அதைக் கணினியில் இறக்கிக்கொண்டால் போதுமாம். போதும் என்று சொன்னவரை என் நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருக்க வேண்டும். இறக்கினால், அது ஓடுவதற்கு வேண்டிய பைதான் மொழி உன் கணினியில் பழசு என்றது. பைதானைப் புதுசாக்கினால், இவ்வளவு புதுசு எனக்கு ஆகாது என்றது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் மாதிரி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பு நூலகத்தின் மாடியில், சாயங்காலங்களில். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு பழைய கணினி, தலைக்கு மேலே முனகுகிற மின்விசிறி. என் பக்கத்து நாற்காலியில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண். அவள் எதை ஓட்டினாலும் திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி கொட்டும். அதனால் அவளுக்குச் சிவப்பு என்று பெயர் வைத்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பாடம் நடத்துகிறவர் என் மகளைவிடச் சின்னவர், ஆனாலும் சார்தான். ஒவ்வொரு வாக்கியத்தையும் "சரியா?" என்று முடிப்பார். புரிந்தவர்களும் புரியாதவர்களும் சேர்ந்து "சரி" என்போம். அவருக்குச் சரியா சார் என்று பெயர் வைத்ததும் நான்தான்.

நான் வாயாடி. அதை வைத்துத்தான் பிழைத்தேன். பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் யார் வந்து எதைக் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். தெரியாது என்ற சொல் கவுண்டரில் வரக் கூடாது என்பது எங்கள் மேலாளர் போட்ட சட்டம். "தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு ஒரு கவுண்டர், எதுக்கு ஒரு சம்பளம்?" என்பார். அந்தச் சட்டம் வீட்டுக்கும் என்னோடு வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் நேர் எதிர். லிஃப்ட் மெக்கானிக். பேச்சே கிடையாது. பழுதான லிஃப்டுக்குப் போனால் கூட இருக்கிறவர்களையெல்லாம் கையைக் காட்டி அடக்கிவிட்டு, மோட்டாரை ஓட விட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "பேசாம இரு, கேக்கணும்" என்பதுதான் அவர் என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தையாக இருக்கும். அவர் பேசாததையும் சேர்த்து நானே பேசிவிடுவேன் என்று உறவில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். எங்களுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது.

பக்கவாதம் வந்து அவர் படுக்கையில் விழுந்தபோது வலது கையும் காலும் போயின, இருந்த கொஞ்சப் பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சத்தம் மிஞ்சியது. "ங்ஹா." தொண்டையின் அடியிலிருந்து வரும், கடைசியில் கொஞ்சம் இழுபடும். மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கு அது தண்ணீர், வலி, திருப்பிப் படுக்க வை, வேண்டாம் என்று நாலாகக் கேட்டது. ஒன்றுக்கு இழுவை அதிகம், ஒன்று சட்டென்று முடியும் என்று நான் எல்லோருக்கும் விளக்குவேன். பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். என் மகள் மட்டும் ஆட்டவில்லை.

"நீயே கேக்கற, நீயே பதில் சொல்லிக்கற. அப்பா எங்கம்மா பேசறாரு?" என்றாள் ஒருநாள்.

அன்று அவளோடு போட்ட சண்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஆனால் அவளும் கெட்டவள் இல்லை. அவரைத் தூக்கித் திருப்பி எனக்கு முதுகு போயிருந்தது. ஒருமுறை குளியலறையில் அவரோடு சேர்ந்து நானும் விழுந்து, மகள் வந்து கதவைத் திறக்கும்வரை இரண்டு பேரும் ஈரத் தரையில் கிடந்தோம். அதற்கப்புறம்தான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள். ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது, நல்ல இடம், போய்ப் பார்த்துவிட்டே வந்துவிட்டாள்.

"அங்க இவர் சொல்றது யாருக்குடி புரியும்? தாகம்னு கத்திக்கிட்டே கிடப்பாரு" என்றேன்.

"உன்னைத் தவிர இன்னும் ஒருத்தருக்கு, ஒரே ஒருத்தருக்கு அப்பா சொல்றது புரியட்டும். நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

என்னை அந்த வகுப்பில் சேர்த்துவிட்டதும் அவள்தான். வாரத்தில் சில சாயங்காலங்களாவது நான் வீட்டை விட்டு வெளியே போகட்டும் என்று, அந்த நேரத்துக்கு அவள் வந்து அப்பாவோடு உட்கார்ந்துகொள்வாள். பக்கத்திலேயே தையல் வகுப்பும் இருந்தது. ஊசியில் நூல் கோக்கிற பொறுமை எனக்குக் கிடையாது.

மூன்றாவது வகுப்பில் சிவப்பு எழுத்து வராமல் முதல் வரி ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை, கர்சர் மட்டும் கண் சிமிட்டியது. ஒன்றும் நடக்காததுதான் வெற்றி என்று சார் கை தட்டினார். பிறகு கையால் எழுதிய எண்களின் படங்களை ஆயிரக்கணக்கில் கொடுத்து, எது மூன்று எது எட்டு என்று இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தோம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் திரையில் லாஸ் என்று ஓர் எண் வரும். இயந்திரம் எவ்வளவு தப்புச் செய்கிறது என்பதன் கணக்கு அது. சுற்றுக்குச் சுற்று அது இறங்கிக்கொண்டே போகும். சரியான ஃபோல்டரில் சரியான படத்தைப் போட்டு வைப்பது மட்டும்தான் நம் வேலை.

"ஃபோல்டருக்கு நீங்க வைக்கற பேர்தான் லேபிள். மெஷினுக்கு உண்மைன்னா அதுதான். நீங்க தப்பா பேர் வெச்சா அது தப்பையே ஒழுங்கா கத்துக்கும். சரியா?" என்றார்.

"சரி" என்றோம்.

"படம் மட்டுந்தானா சார்? சத்தத்தைக் கத்துக்காதா?" என்று கேட்டேன்.

சத்தத்தையும் படமாக மாற்றிக் கொடுக்கலாம் என்றார். எங்கே ஒலி பலமோ அங்கே பளிச்சென்றும், எங்கே மெல்லிசோ அங்கே மங்கலாகவும் ஒரு பட்டை வரும். இடது ஓரத்தில் சத்தத்தின் ஆரம்பம், வலது ஓரத்தில் முடிவு. மகள் கேட்ட அந்த இன்னொருத்தர் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றிலிருந்து ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலு ஃபோல்டர்: தண்ணி, வலி, திரும்பணும், வேணாம். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பதிவுப் பொத்தானை அமுக்குவேன். "தண்ணியா?" என்பேன். "ங்ஹா" என்பார். நிறுத்தித் தண்ணி ஃபோல்டரில் போட்டுவிட்டு, உறிஞ்சுகுழல் போட்ட குவளையை வாயில் வைப்பேன். குடிப்பார். முழங்கால் மேல் கை வைத்து, "வலிக்குதா?" "ங்ஹா." தைலம் தேய்ப்பேன், கண்ணை மூடிக்கொள்வார். இப்படி வாரக்கணக்கில். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பல வருஷங்களுக்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ செய்கிற மாதிரி இருந்தது. அவரிடமே சொல்லிவிட்டேன், "உங்க பேச்சை மெஷினுக்கே சொல்லித் தரப் போறேன், பாருங்க" என்று.

வகுப்பில் யாரையும் அந்தப் பதிவுகளைக் கேட்க விடவில்லை. சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன், கைகலப்பாகிவிடும். படங்களை மட்டும் காட்டினேன். சார் குனிந்து பார்த்தார்.

"நல்லா பிரிஞ்சு தெரியுதே! இடது பக்கம் பாருங்க, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒவ்வொரு மாதிரி பளிச்சுனு இருக்கு. வலது பக்கந்தான் மங்கல்."

இடது பக்கம் அவர் தொண்டையைத் திறக்கிற இடம் என்று நினைத்துக்கொண்டேன். வலது பக்கம் அந்த இழுவை. எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

ஓட விட்டோம். லாஸ் இறங்கியது, இறங்கியது, தரைக்கே வந்துவிட்டது. பயிற்சிக்குக் காட்டாமல் ஒதுக்கி வைத்த பதிவுகளைக் கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகச் சொன்னது. சிவப்பு என்னைக் கட்டிக்கொண்டாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றேன். அவள் நம்பவில்லை.

சார் மட்டும் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு நல்லா வந்தா கொஞ்சம் சந்தேகப்படணும்மா. வேற யாராவது எடுத்த பதிவு இருந்தா அதையும் போட்டுப் பாத்துருவோம். சரியா?"

நான் சரி சொல்லவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். ஆனால் மகள் முன்னால் தலை நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் இதையும் செய்துவிடுவதுதான் நல்லது. அடுத்த வகுப்பன்று கிளம்பும்போது அவளிடம் சொன்னேன்: "அப்பா சத்தம் கொடுத்தா ஃபோன்ல புடிச்சு எனக்கு அனுப்பு. அப்புறம் என்ன வேணும்னு நீயே பாத்துக் கொடு. என்ன கொடுத்தப்போ அடங்கினாருன்னும் எழுது. மெஷின் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

"சரிம்மா" என்றாள். அவள் முகத்தில் கேலி இல்லை. மெஷின் ஜெயித்தால் நன்றாக இருக்கும் என்று அவளும் ஆசைப்பட்ட மாதிரிதான் இருந்தது.

வகுப்பில் இருக்கும்போது அவள் பதிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. முதலாவது: தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். மெஷினில் போட்டோம். வேணாம் என்றது. இரண்டாவது: முதுகுக்குத் தலையணை வைத்தேன், அடங்கிவிட்டார். வேணாம் என்றது. மூன்றாவதுக்கும் வேணாம். எதைப் போட்டாலும் வேணாம்.

"அவ ஃபோன் சரியில்ல" என்றேன். "எட்ட நின்னு புடிச்சிருப்பா."

சார் திரைப்பக்கம் குனிந்தார். இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மகளின் படத்தில் இடது பக்கம் வெறுமையாக இருந்தது. முழுக்க அந்த மங்கல் மட்டும்தான்.

"அம்மா, உங்க பதிவு ஒண்ண மட்டும் நான் கேக்கலாமா?"

ஹெட்போனைக் கொடுத்தேன். கேட்டார். இன்னொன்றைக் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் மெதுவாக வைத்தார். மருத்துவமனையில் வரிசைக்கு வெளியே தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிற டாக்டர்களின் முகம் அவருக்கு வந்திருந்தது.

"இதுல முதல்ல உங்க குரல் இருக்கும்மா. 'தண்ணியா'ன்னு கேக்கறீங்க. 'வலிக்குதா'ன்னு கேக்கறீங்க. மெஷின் அதைத்தான் கத்துக்கிட்டிருக்கு. ஐயாவோட சத்தத்தை இல்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது அடைத்துக்கொண்டது. அந்தப் பளிச்சென்ற இடது பக்கம் நான். வலது பக்கத்து மங்கல்தான் அவர்.

"அதுக்கென்ன, என் குரலை வெட்டிடுங்க. அவர் சத்தம் மட்டும் இருக்கட்டும், மறுபடி ஓட்டுவோம்" என்றேன். குரல் எனக்கே கொஞ்சம் உயர்ந்து கேட்டது. சிவப்பு என் பக்கம் திரும்பினாள்.

வெட்டினார். மறுபடி ஓட்டினோம். லாஸ் கொஞ்சம் இறங்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. எத்தனை சுற்று விட்டாலும் நகரவில்லை. நாலு டப்பாவில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் எவ்வளவு சரியாக வருமோ அவ்வளவுதான் வந்தது.

கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "மெஷினுக்குக் காது கிடையாது. அதை நம்பி உக்காந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். எனக்குப் போடுங்க. நான் சொல்றேன் எது எதுன்னு. கலைச்சுப் போடுங்க."

"வேணாம்மா" என்றார் சார். சரியா என்று கேட்கவில்லை.

"போடுங்க சார்."

போட்டார். ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு கேட்டேன். "ங்ஹா." வலி என்றேன். "ங்ஹா." தண்ணி. "ங்ஹா." அதுவும் தண்ணி மாதிரி இருந்தது, இல்லை, திரும்பணும். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன், அவர் மோட்டாரைக் கேட்கிற மாதிரி. இழுவை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தது. எதுவும் சட்டென்று முடியவில்லை. முன்னால் கேட்க என் கேள்வி இல்லாதபோது அவருடைய பதிலும் இல்லை. கொஞ்ச நேரத்துக்கு அப்புறம் நான் எதையும் சொல்லவில்லை. அவர் சத்தம் மட்டும் காதுக்குள் வந்துகொண்டே இருந்தது, ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே சத்தம்.

சிவப்பு தன் கணினியைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் திரையில் அன்று ஒரு பிழைகூட இல்லை. சார் எங்கள் இரண்டு பேருக்கும் டீ வாங்கி வந்தார். நான் தொடவில்லை. நான் எத்தனை சரியாகச் சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. திரையில் இருந்தது. மெஷினைவிடக் கொஞ்சம் குறைவு.

வீட்டுக்கு நடந்தே போனேன். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தைலம் தேய்த்தபோதெல்லாம் அவருக்கு வலித்ததா, தாகமா? தண்ணீர் குடித்தது தாகத்தினாலா, வாயில் வைத்தால் யாரும் விழுங்கத்தானே செய்வார்கள்? வேணாமா என்று நான் கேட்டு, "ங்ஹா" என்றதும் எடுத்துக்கொண்டு போன சாப்பாட்டுத் தட்டுகள். அவர் பசியோடு கிடந்தாரோ என்ற நினைப்பு வந்ததும் நடைபாதையில் ஒரு கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அப்படி ஓர் அழுகை எனக்கு அவர் விழுந்த அன்றைக்குக்கூட வரவில்லை. கடைக்காரர் என்னமோ கேட்டார். கையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

மகள் கதவைத் திறந்தாள். "என்னம்மா ஆச்சு? மெஷின் சொல்லிச்சா?" அவள் முகத்தில் இன்னும் அந்த ஆசை இருந்தது.

நேரே அவர் அறைக்குப் போனேன். விளக்கு போட்டிருந்தது. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தார், முதுகுக்கு மகள் வைத்த தலையணை அப்படியே இருந்தது. எனக்கு அதை வைக்கத் தோன்றியதே இல்லை. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. எங்கள் கல்யாணமான நாளிலிருந்து அவர் பக்கத்தில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அவர் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். இவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்தாரோ, எதுவும் நினைக்கவில்லையோ.

மகள் வாசற்படியில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

இத்தனை நாளும் அவரிடம் கேட்காமலே வைத்திருந்த ஒரு கேள்வி இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "என்னங்க. ஊருக்கு வெளிய ஒரு இல்லம் இருக்காம். நல்லா பாத்துப்பாங்களாம். அங்க போய் இருக்கீங்களா?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ங்ஹா" என்றார்.

"அப்பா என்ன சொல்றாரும்மா?" என்று கேட்டாள் மகள்.

இவ்வளவு சண்டைக்கு அப்புறமும் அவள் என்னிடம்தான் கேட்டாள். போக மாட்டேங்கறாரு என்று சொல்லியிருந்தால் போதும். மெஷின் ஜெயித்தது என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தால் அவள் அந்தப் பேச்சை எடுத்திருக்கவே மாட்டாள், வாக்கு தவறுகிறவள் இல்லை அவள். அந்தப் பதில் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. என் குரலில்தான் இருந்தது.

அவர் இன்னொரு தடவை சொன்னார். நான் கேட்டேன். நன்றாகக் கேட்டேன்.

"தெரியலம்மா" என்றேன்.